பதினாறாம் வாய்ப்பாடு

நான் எழுதுவதை என்னால் படிக்க முடியாது. பிழை கிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். முப்பது வருடமாகத் தமிழ் வாத்தியாராக இருந்து, பிள்ளைகளின் ஒற்றுப்பிழைக்கெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்ட பாவம் இப்படி வந்து விடிந்திருக்கிறது என்று கோகிலா சொல்வாள். கோகிலா என் மனைவி. எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுக் காப்பியும் போட்டுக் கொடுப்பவள்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து பேப்பரை எடுத்தேன். ஏதோ வேற்று மொழிப் பேப்பர். மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று சத்தம் போட்டேன். கோகிலா ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"தமிழ்ப் பேப்பர்தானுங்க. தலைகீழாக்கூட புடிக்கலையே நீங்க!"

அன்று மத்தியானமே நரம்பு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஒரு காகிதத்தைக் கொடுத்துப் பெயரையும் முகவரியையும் எழுதச் சொன்னார். சென்னியப்பன், உக்கடம், கோயம்புத்தூர் என்று மணிமணியாக எழுதினேன். "இப்ப இதைப் படிங்க" என்று அதையே திருப்பி நீட்டினார். கோடும் வளைவுமாக என்னவோ இருந்தது. எழுத்தாக இல்லை.

"மூளையில பின்பக்கம் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைச்சிருக்கு சார். கண்ணு நல்லா இருக்கு, தமிழும் அப்படியே இருக்கு. ரெண்டையும் சேர்க்கிற பாலம் மட்டும் போயிருச்சு. எழுதுறதுக்கு அந்தப் பாலம் வேண்டாம். படிக்கத்தான் வேணும்."

"திரும்ப வருமுங்களா?"

"சிலருக்குக் கொஞ்சம் வரும். எழுத்தைப் பார்த்து அதே மாதிரி விரலால உள்ளங்கையில எழுதிப் பாருங்க. கை சொல்றது மூளைக்குப் புரியும். ஆனா ஒவ்வொரு எழுத்தாத்தான். ரொம்பப் பொறுமை வேணும்."

ஒரு சொல்லுக்கு அரை நிமிடம் ஆனது. ஒரு வரிக்குப் பத்து நிமிடம். வரி முடிவதற்குள் முதல் சொல் மறந்துபோகும். தமிழ் வாத்தியாருக்கு இது எந்த மூலைக்கு?

அந்தக் காலமாக இருந்திருந்தால் மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொல்லியே ஓய்வு பெறும்வரை ஒப்பேற்றியிருப்பேன். ஆனால் இது முகப்புக் காலம்.

முகப்பைத் தெரியாதவர் இப்போது இல்லை. பிற்காலத்தில் யாராவது படித்தால் விளங்கட்டும் என்று சொல்கிறேன். சிலேட்டு அளவில் ஒரு பலகை. முன்பக்கம் நீங்கள் படிக்கிற எழுத்து, பின்பக்கம் அந்தப் புத்தகத்தின் அட்டை. எதிரில் இருப்பவருக்குத் தெரிகிற மாதிரி வெளிச்சமாக எரியும். காகிதப் புத்தகம் இருந்தபோது யார் என்ன படிக்கிறார் என்று ஊருக்குத் தெரிந்தது. செல்போன் வந்ததும் எல்லோரும் ஒன்றுபோலக் குனிந்துகொண்டார்கள். காப்பியம் படிப்பவனும் கண்டதைப் பார்ப்பவனும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். மனிதர்கள் பீற்றிக்கொள்ள முடியாமல் தவிக்கிறார்கள் என்பதை ஒரு நிறுவனம் கண்டுபிடித்தது. அவ்வளவுதான் அதன் கண்டுபிடிப்பு.

முதலில் எந்த அட்டையை வேண்டுமானாலும் காட்டலாம் என்று இருந்தது. முன்னால் சினிமாக் கிசுகிசு, பின்னால் தத்துவம். லட்சுமி மில்லிலிருந்து பீளமேடு போவதற்குள் மெட்ரோவில் ஒரே பெட்டியில் பதினேழு பேர் ஒரே தத்துவ நூலைக் காட்டிய நாளும் உண்டு. ஊரே சிரித்தது. உடனே நிறுவனம் ஒரு கண் வைத்தது. அதாவது பலகையின் மேல் விளிம்பில் ஒரு சின்னக் கேமரா. உங்கள் விழி வரி வரியாக நகர்ந்தால் அட்டை பளிச்சென்று எரியும். வேடிக்கை பார்த்தால் மங்கும். சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் அணைந்துவிடும். அணைந்ததற்கு 'இருட்டு முதுகு' என்று பெயர். மாதக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று வாசிப்பு மதிப்பு வேறு.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. வாடகைக்கு வீடு கொடுப்பவர்கள் மதிப்பைக் கேட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்பெல்லாம் தெரியாத மாதிரி கோயிலுக்கோ ஜவுளிக்கடைக்கோ வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள் அல்லவா? இப்போது பெண் எந்த ரயிலில் போகிறாள் என்று விசாரித்துக்கொண்டு எதிர் இருக்கையில் வந்து உட்கார்ந்தார்கள். காதில் மாட்டிக்கொண்டு புத்தகம் கேட்பவர்களுக்கு அட்டை எரியாது. அவர்களைக் 'காதுக்காரர்' என்று இளக்காரமாகச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

எங்கள் பள்ளிக்கூடம் சின்னியம்பாளையத்தில். தாளாளர் ஒரே வரியில் உத்தரவு போட்டுவிட்டார்: ஆசிரியர்கள் முகப்போடுதான் ரயிலில் வர வேண்டும். பெற்றோர் அதே ரயிலில் வருகிறார்கள், பார்க்கிறார்கள்.

வகுப்பை நான் சமாளித்துவிட்டேன். செய்யுள் எல்லாம் மனப்பாடம். உரைநடைக்கு, "நீ எழுந்திரு, சத்தமாப் படி." பிள்ளைகளுக்கு வாய் திருந்தட்டும் என்று வாத்தியார் பாடுபடுகிறார் என்று பெயர் வந்தது. விடைத்தாளை இயந்திரம் திருத்தியது. ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் கண்களைத்தான் சமாளிக்க முடியவில்லை. தமிழ் வாத்தியாருக்குப் படிக்கத் தெரியாது என்று வெளியே சொல்லிவிட்டு அந்த ஊரில் எந்த முகத்தோடு நடப்பது? சொல்ல வேண்டியதுதானே என்று இப்போது நீங்கள் கேட்கலாம். வெட்கம், வேறென்ன. எங்கள் மகள் சுடர்விழிக்குக்கூடச் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தலைசுற்றல் என்று சொல்லி வைத்தோம். அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது.

முதல் வாரம் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணைச் சும்மா ஓட்டிப் பார்த்தேன். அட்டை மினுக்கி மினுக்கி அணைந்தது. எதிரில் எட்டாம் வகுப்புப் பையனின் அம்மா. கண்ணை ஓட்ட ஒரு தாளம் வேண்டும் என்று தோன்றியது. வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு துள்ளல், பத்து துள்ளலுக்கு ஒரு வரி. இரண்டாம் வாய்ப்பாட்டில் கண் ஓடிவிட்டது, கருவி நம்பவில்லை. பதினாறில்தான் அமைந்தது. பதினாறு, முப்பத்திரண்டு, நாற்பத்தெட்டு வரை தண்ணீர்பட்ட பாடு. எண்பது, தொண்ணூற்றாறு தாண்டினால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்த யோசனையில் விழி அரைக் கணம் நிற்கும். அதைத்தான் கருவி 'ஆழ்ந்து படிக்கிறார்' என்று எடுத்துக்கொண்டது. அட்டை திருவிழா விளக்கு மாதிரி எரிந்தது.

ஆறே மாதத்தில் ஏழு ஐம்பத்திரண்டு ரயிலில் என்னைவிடப் பெரிய படிப்பாளி இல்லை என்று ஆகிவிட்டது. பலகையில் புத்தகம் ஏற்றுவது கோகிலாவின் வேலை. காலையில் டிபன் பெட்டியோடு செய்தியும் வரும்.

"இன்னைக்குக் கடல் வாணிகம் பத்தினதுங்க. ஆயிரத்து எரநூறு பக்கம். மறந்துராதீங்க."

யாராவது வந்து கேட்பார்கள். "ஏனுங்க வாத்தியாரய்யா, அந்தப் புத்தகம் எப்படிங்க?" எனக்கு ஒரே பதில்தான். "நல்லாருக்குதுங்க. ரெண்டாம் பாகத்துலதான் கொஞ்சம் இழுக்குது." இந்தப் பதில் பொருந்தாத தடிப் புத்தகம் உலகத்தில் இல்லை. நாலு வருடத்தில் ஒருவர்கூட மறுத்துப் பேசியதில்லை.

போன வருடம் சின்னியம்பாளையம் நிலையத்தில் இறங்கியபோது ஒரு பெண் என் பின்னாலேயே வந்தாள். முப்பது வயதிருக்கும், சென்னைப் பேச்சு. முகப்பு நிறுவனத்தின் ஆய்வாளர், பெயர் ரெஜினா.

"சார், ரெண்டே நிமிஷம். நாப்பதாயிரம் பேரோட கண்ணைப் பார்த்தோம். உங்களை மாதிரி யாருமே இல்ல. எல்லாரும் படிக்கும்போது பின்னாடி போவாங்க. படிச்ச வரியையே திரும்பப் படிப்பாங்க. நீங்க ஒரு தடவைகூடத் திரும்பிப் போனதில்ல. முதல் தடவையிலயே மொத்தமும் புரியுது உங்களுக்கு."

தலையை ஆட்டினேன்.

"உங்க வாசிப்பை ஒரு அளவுகோலா வெச்சுக்க அனுமதி வேணும். ‘ஆதார வாசகர்’னு பேர். ஒப்பந்தம் இது. நிதானமாப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

ஆறு பக்கம். நடைமேடையில் என் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் கோகிலாவிடம் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆதார வாசகர் ஆறு பக்கத்துக்குப் பெண்டாட்டி வேண்டும் என்று சொல்லுவாரா? பெஞ்சில் உட்கார்ந்து, பதினாறு, முப்பத்திரண்டு என்று தொடங்கி ஆறு பக்கத்தையும் முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

"எங்க ஒப்பந்தத்தை இவ்வளவு பொறுமையா யாருமே படிச்சதில்ல சார்" என்று ரெஜினா நெகிழ்ந்துபோனாள். பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் கண்ணைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

எட்டு மாதம் கழித்துச் செய்தி வந்தது. கல்லூரியில் சேர இனிமேல் வாசிப்புத் தேர்வு. கேள்வி கிடையாது, பதில் கிடையாது. ஒரு அறையில் உட்கார்ந்து இருபது பக்கம் படிக்க வேண்டும். விழி போகிற போக்கை ஆதார வாசகரோடு ஒப்பிட்டு மதிப்புப் போடுவார்கள். ரயிலில் போகிறவர்களின் மாத மதிப்புக்கும் அதே அளவுகோல்தான் என்று ஆயிற்று.

சுடர் பன்னிரண்டாம் வகுப்பு. அவளுக்கு மாட்டு டாக்டர் ஆக வேண்டும். சின்ன வயதிலிருந்தே அதே பேச்சு. நீலாம்பூரில் புதிதாக வந்திருக்கிற கால்நடைக் கல்லூரியில் சேர வாசிப்பு மதிப்பு எண்பத்தைந்தாவது வேண்டும் என்றார்கள்.

எங்கள் வீட்டில் நிஜமாகப் படிக்கிற ஆள் அவள்தான். அவள் படிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு வரியைப் படிப்பாள், சிரிப்பாள், திரும்ப அதே வரிக்குப் போவாள். ஜன்னலைப் பார்ப்பாள். நாலு பக்கம் பின்னால் புரட்டி எதையோ தேடி, "அப்பவே சொல்லிருக்கான் பாரு" என்று தனக்குள் பேசிக்கொள்வாள். நல்ல இடம் வந்தால் பலகையை மடியில் கவிழ்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள்.

புதிய அளவுகோல் வந்த மாதம் அவள் மதிப்பு நாற்பத்தொன்று.

அந்த வாரமே ரயிலில் அவள் அட்டை மின்னிக்கொண்டே இருந்தது. எதிரில் இருந்த அம்மாள் பக்கத்து ஆளிடம், "வாத்தியார் மகளுக்குப் பாருங்க, முகப்பு கண்ணடிக்குது" என்றாள். பெட்டியே சிரித்தது. சுடர் பலகையை மூடிப் பைக்குள் வைத்தாள். அதன் பிறகு ரயிலில் அவள் எதையும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சமையலறையில் அழுதாள். "எனக்குப் படிக்கத் தெரியலீங்கப்பா. பின்னாடி போகாதேங்கறாங்க. அந்த வரி நல்லாருந்தா நான் என்ன பண்றது?"

என் மகளை அளந்து நாற்பத்தொன்று என்று சொன்ன கோல் எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுச் சரவணம்பட்டியில் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். வரவேற்பறைச் சுவரில் ஏதோ பெரிதாக எழுதி மாலை போட்டிருந்தது. என்னைப் பற்றியதுதான் என்று ரெஜினா காட்டினாள்.

"மேடம், எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

சிரித்தாள். "பெரியவங்க எல்லாம் இப்படித்தான் சார் சொல்லுவீங்க."

"ஒரு சொல் எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தாள். பார்த்தேன். பிறகு வலது விரலால் இடது உள்ளங்கையில் அந்தக் கோட்டை அப்படியே இழுத்துப் பார்த்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை. "ம" என்றேன். மறுபடி இழுத்தேன். "மழை." அதற்குள் சுவர்க் கடிகாரத்தில் முக்கால் நிமிடம் ஓடியிருந்தது. ரெஜினா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அப்போ இத்தனை நாளா உங்க கண்ணு என்னதான் பண்ணுச்சு?"

"பதினாறாம் வாய்ப்பாடுங்க."

மழை என்று எழுதிய தாளை நாலாக மடித்தாள். பிறகு சன்னமாக, "இந்த வருஷம் மூணு லட்சம் பிள்ளைங்க தேர்வு எழுதுறாங்க சார். உங்க கண்ணை வெச்சு" என்றாள்.

"அதுக்குத்தான் ஓடி வந்தேன். மாத்திருங்க."

"மாத்தினா, தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும். ஒத்துக்க மாட்டாங்க. நான் போய் மேல சொல்றேன், சொல்லாம இருக்க மாட்டேன். ஆனா அவங்க உங்களை நம்புவாங்களா, கருவியை நம்புவாங்களா? கருவில உங்க மதிப்பு நூறு. அதோட ஒப்பந்தத்துல பதினோராவது பிரிவு இருக்கு. ‘நான் படித்ததை மறுத்து எங்கும் பேச மாட்டேன்.’ நீங்க படிச்சுப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

"இல்லீங்களே..."

"நாலு பேர் சாட்சி இருக்காங்க சார். கை தட்டினாங்க."

என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். அங்கே நின்று, சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "என்னோட வாசிப்பு மதிப்பு இப்ப முப்பத்தொம்பது சார். நானும் திரும்பித் திரும்பிப் படிக்கிற ஆளுதான். வேலைக்குச் சேர்ந்தப்போ இதெல்லாம் இல்ல." அப்புறம் படி இறங்கப் போன என்னை நிறுத்தி, "உங்க பொண்ணுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு தெரியுமா?" என்று கேட்டாள்.

தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது.

அன்று சாயங்காலம் கோகிலாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுடரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமைப் பேப்பர், டாக்டர், வாய்ப்பாடு, ஒப்பந்தம். முடிந்ததும் எழுந்து உள்ளே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றோடு திரும்பி வந்தாள்.

அந்த நோட்டு எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவள் கதை எழுதுவாள். எழுதியதை என்னிடம் மட்டும்தான் காட்டுவாள். அம்மாவிடம் காட்டினால் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போய்விடும் என்று பயம். நான் படித்து முடிக்கிறவரை எதிரிலேயே நின்று, நோட்டைக் கையோடு வாங்கிப் போய்விடுவாள்.

"இதைப் படிச்சீங்களா?"

"இல்ல கண்ணு."

"நல்லாருக்குன்னீங்களே."

"ஆமா."

"எங்க சரியில்லைன்னு சொல்லுங்கன்னு கேட்டேன். ரெண்டாம் பாகத்துல கொஞ்சம் இழுக்குதுன்னீங்க. நாலு பக்கக் கதைங்கப்பா அது. அதுல ஏது ரெண்டாம் பாகம்? ஆனா அப்பா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு பின்பாதிய மொத்தமா அடிச்சுட்டு மறுபடி எழுதினேன். அதையும் கொண்டாந்து காட்டினேன்."

"சாமி..."

"அதுக்கும் அதையேதான் சொன்னீங்க. மறுபடியும் அடிச்சு எழுதினேன்."

கோகிலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு உயிரை வைத்துக்கொண்டிருக்கவே பிடிக்கவில்லை. நாலு வருடம் ஊர் முழுக்க ஏமாற்றியபோது வராத வெட்கம் அந்த நோட்டைப் பார்த்தபோது வந்தது.

சுடர் நோட்டை மேசை மேல் வைத்தாள். "சரி, சொல்லிக் குடுங்க. எப்படிப் பண்றது?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வேறு படிப்புப் படி என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எந்தப் படிப்புக்கும் அதே தேர்வு. தேர்வு வேண்டாம் என்றால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கண்தான் குறுக்கே நின்றது.

சொல்லிக் கொடுத்தேன். முதலில் அவளுக்கு வரவே இல்லை. படிக்கத் தெரிந்தவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. எனக்கு வெறும் கோடுகள், அதனால் எண் எளிதாக ஓடும். அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கையைப் பிடித்து இழுத்தது.

"நாப்பத்தெட்டு, அறுபத்திநாலு... ‘கிழவி கதவைத் திறக்கவில்லை’ன்னு போட்டிருக்குங்கப்பா. ஏன் தெறக்கல?"

"அதைப் பாக்காத கண்ணு. எண்பது சொல்லு."

நானே சொன்னேன், அந்த வாயால். கதையைப் பார்க்காதே என்று என் மகளிடம் நானே சொன்னேன். இரண்டாவது வாரம் அவள் கிழவியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். மூன்றாவது வாரம் எழுபதைத் தொட்டாள். கடைசி வாரம் அவள் கண்ணைப் பார்த்தால் எனக்கே பயமாக இருந்தது. அச்சு அசலாக என் கண் மாதிரியே போயிற்று.

தேர்வில் தொண்ணூற்றேழு. கோகிலா கேசரி கிண்டினாள். தாளாளர் என் கையைக் குலுக்கி, "புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?" என்றார்.

இப்போது சுடரும் நானும் ஒரே ரயிலில் போகிறோம். நான் சின்னியம்பாளையத்தில் இறங்க, அவள் நீலாம்பூர் போவாள். எதிர் எதிரே உட்கார்ந்திருப்போம். இரண்டு அட்டையும் பளபளவென்று எரியும். போன மாதம் பொள்ளாச்சிக் குடும்பம் ஒன்று அவள் எதிரில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, திருப்தியாகத் தலையசைத்துக்கொண்டது. அவள் உதடு லேசாக அசைவது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. நூற்றுப்பன்னிரண்டு, நூற்றிருபத்தெட்டு.

"வாய்ப்பாடு இப்பவும் ஓடுதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நிறுத்த முடியலீங்கப்பா. எதை எடுத்தாலும் ஓடுது. பாடத்தை எல்லாம் வீட்ல காதுல கேட்டுக்கறேன். அது போதும்."

"கதை?"

"கதை எதுக்குங்கப்பா இப்ப?"

அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. மேசை மேல் விட்டுப் போனாள், திரும்ப எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக உள்ளங்கையில் எழுதிப் படிக்கிறேன். இதுவரை பதினோரு வரி முடித்திருக்கிறேன். முதல் வரி: ‘எங்கள் வீட்டுக் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஒரு பாம்பு சீறும்.’ அந்த வரிக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன். எங்கள் வீட்டுக் குழாய் அப்படித்தான் சீறும். இருபது வருடமாக எனக்கு அது காதில் விழுந்ததே இல்லை.

இதை எல்லாம் அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. வாயால் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால் யாரோ ஊராருக்குச் சொல்கிற மாதிரி காகிதத்தில் எழுதினேன். பேனா ஓடுவதைக் கை அறியும், அது போதும்.

மேலே உள்ளது வரைக்கும் முடித்து, பக்கங்களைக் கோகிலாவை விட்டு எண் போடச் சொல்லி, போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுடரிடம் கொடுத்தேன்.

"காகிதம்தான் கண்ணு. முதுகுல வெளக்கு எரியாது. யாரும் பாக்கறதில்ல. மெதுவாப் படி. வேணும்னா எத்தனை தடவை வேணாலும் திரும்பிப் போய்ப் படி."

"சரிங்கப்பா" என்று உட்கார்ந்தாள். நான் எதிரே உட்கார்ந்து அவள் கண்ணையே பார்த்தேன்.

கண் இடமிருந்து வலம் போயிற்று. பத்து துள்ளல், அடுத்த வரி. பத்து துள்ளல், அடுத்த வரி. அவள் சமையலறையில் அழுத பக்கம் வந்திருக்க வேண்டும். நோட்டைக் கொண்டுவந்து காட்டிய பக்கம் வந்திருக்க வேண்டும். எங்கேயும் நிற்கவில்லை. ஒரே ஒரு தடவைகூடப் பின்னால் போகவில்லை. கடைசிப் பக்கத்தையும் முடித்து, தாள்களை மேசையில் தட்டி ஓரம் சரிசெய்து என்னிடம் நீட்டினாள்.

"எப்படி இருக்குது சாமி?"

என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்லாருக்குதுங்கப்பா. ரெண்டாம் பாகத்துலதான் கொஞ்சம் இழுக்குது."

அவள் பழி தீர்த்துக்கொண்டாளா, நிஜமாகவே எதுவும் உள்ளே போகவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. அன்றைக்கு அவள் செய்த மாதிரி நானும் பின்பாதியை அடித்துவிட்டு மறுபடி எழுதலாம் என்று பேனாவோடு உட்கார்ந்தேன். பின்பாதி எங்கே தொடங்குகிறது என்று என்னால் படித்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.